சலாபத்திற்கு முன்னே: மன்னார்க் கடலில் பார் பார்த்த வரலாறு

மான் வேட்டை நிகழ்ந்த காலத்து வேடன், வேட்டை நாளன்று மட்டும் காட்டுக்குள் நுழைந்தவன் அல்லன். வேட்டையில்லாத மாதங்களிலேயே அவன் காட்டைச் சுற்றி வந்தான். மான் நீர் அருந்த இறங்கும் தடத்தையும், இரவில் அது படுத்தெழுந்த புல்லையும், கொம்பு உரசிய மரப்பட்டையையும், பருவந்தோறும் திசை மாறும் காற்றையும் கண்டறிந்த பின்னரே பரணுக்குரிய மரத்தைத் தேர்ந்தான். அவ்வேட்டை இன்று சட்டப்படி குற்றம். தூத்துக்குடிக்கு மேற்கே வல்லநாட்டுக் குன்றில் எஞ்சியுள்ள வெளிமான்கள் 1987 முதல் சரணாலயத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

ஆயின் தூத்துக்குடியின் பெருவேட்டை காட்டில் நிகழ்ந்ததன்று, கடலில் நிகழ்ந்தது. முத்துக்குளிப்பு என்றும் சலாபம் என்றும் வழங்கிய அவ்வேட்டையைப் பற்றி நூல்கள் பல பேசியுள்ளன. கரையில் ஓலைக்கொட்டகை நகரம் ஒன்று சில வாரங்களுக்கு எழுந்து மறைந்ததும், நூற்றுக்கணக்கான தோணிகள் நள்ளிரவில் பாய் விரித்ததும், சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போனதும் கேட்போர் உள்ளத்தைக் கவர்வன. மில்லர்புரம் போன்று கடலினின்றும் சற்று விலகிய பகுதிகளில் வாழ்வோரும் தம் ஊரை ‘முத்து நகர்’ என்று பெருமையுடன் கூறிக்கொள்வர். சலாபத்திற்கு முன்னே, ஆரவாரம் ஏதுமின்றிச் சில தோணிகள் கடலடியைச் சோதித்து வந்த செயல் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. சலாபம் நிகழுமா, நிகழாதா என்பதை முடிவு செய்தது அச்சோதனையே. அதுவே வேடன் பரணுக்கு இடம் பார்த்த செயலுக்கு நிகரானது. அதன் வரலாறு தனியே எழுதத் தக்கது.

பார் என்னும் நிலம்

மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக் கரையிலிருந்து ஏறத்தாழ 10 மைல் தொலைவில், மணற்பரப்பின் நடுவே ஆங்காங்கே கல்தரைகள் உள்ளன. 5 முதல் 10 பாகம் வரை ஆழமுள்ள இத்தரைகளைப் ‘பார்’ என்பது கடற்கரை வழக்கு. முத்துச்சிப்பி மணலில் வாழாது. தன் நூலிழைகளால் பற்றிக்கொள்ள அதற்குக் கல்லோ, பவளத்துண்டோ, மற்றொரு சிப்பியின் ஓடோ வேண்டும். ஆதலின் கடல் முழுதும் ஒன்றுபோலத் தோன்றினும், முத்து விளையும் நிலம் என்பது சில பார்களே.

அப்பார்களுக்குப் பெயர் உண்டு. தொளாயிரம் பார், குடாமுத்துப் பார், கருவல் பார், நகரைப் பார், பாண்டியன் பார் என்றெல்லாம் அவை வழங்கின. இலங்கைப் பக்கத்தில் செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் எனப் பெயர் தொடர்கின்றது. வயலுக்கும் குளத்துக்கும் பெயரிட்ட மக்கள், கண்ணுக்குப் புலப்படாத கடலடிக்கும் பெயரிட்டனர். இப்பெயர்கள் ஆங்கிலக் கடல்வரைபடங்களில் ஏறும்போது உருமாறின. எனினும் அவை தமிழ்ப் பெயர்களே. ஒரு தரைக்குப் பெயர் வைப்பதற்கு முன் அதனை மீண்டும் மீண்டும் சென்று கண்டிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பெயரிட்டவர் எவர், எக்காலத்தவர் என்பதற்கு ஏடு இல்லை, பெயரே சான்று.

ஈண்டு இலக்கிய மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. கிரேக்க மாலுமியின் பெரிப்ளஸ் நூலும் பாண்டியர்க்குரிய கொற்கை முத்துக்குளிப்பைக் குறித்து, தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், சப்பத்தி என முத்துகளை வகைப்படுத்தி எண்ணியும் நிறுத்தும் பொறித்துள்ளன. முத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகப் பேசிய மரபு, அது விளைந்த கடலடியைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. அரசனுக்கும் கோயிலுக்கும் வந்து சேர்ந்த பொருள் ஏட்டிலும் கல்லிலும் ஏறியது. அப்பொருள் கிடைக்கும் இடத்தை அறிந்திருந்தவரின் அறிவு வாய்மொழியிலேயே நின்றுவிட்டது. பரதவரும், காயல், கீழக்கரைப் பகுதி முஸ்லிம்களும் காத்துவந்த அறிவு அது.

கரையினின்று பத்து மைல் அகன்று நிற்கும் தோணி, கடலடியில் கிடக்கும் கல்தரையின்மேல் சரியாக வந்து நிற்பது எளிதன்று. கரையிலுள்ள இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வருமாறு நின்று, வேறொரு திசையிலும் அவ்வாறே இரண்டைப் பொருத்திப் பார்ப்பது கடலோடிகளின் முறை. கோபுரம், தீவு, தேரி, தனிப்பனை எதுவும் அடையாளமாகும். திருச்செந்தூர்க் கோபுரம் வணங்குவோர்க்கு மட்டும் வழிகாட்டியதன்று. கடலில் இருந்தோர்க்கும் வழிகாட்டியது. பின்னர் நீரின் நிறம் நோக்கி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஆழம் அளந்தனர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால், அதில் ஒட்டிவரும் மணலோ சிப்பித்துகளோ தரையின் தன்மையைக் காட்டும். எதுவும் ஒட்டாமல் வடுப்பட்டு வந்தால் அடியில் கல் என்று பொருள். இறுதிச் சான்று குளியாளே. ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சில், காலடியில் கட்டிய கல்லின் கனத்தால் இறங்கி, கைக்கு அகப்பட்டதைக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். அவன் கொண்டுவந்த சிப்பிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், மேலே வந்ததும் அவன் கூறிய சொல் மதிப்புடையது. சிப்பி நெருங்கிக் கிடக்கிறதா, சிதறிக் கிடக்கிறதா, மணல் மூடுகிறதா, வேறெந்த உயிர் அருகில் உள்ளது என்பன அச்சொல்லில் அடங்கும்.

ஆயிரம் சிப்பியின் தீர்ப்பு

பார் பார்க்கும் முறையைத் தெளிவாகக் காட்டும் பழைய சான்றுகளுள் ஒன்று, இயேசு சபைப் பாதிரியார் மார்ட்டின் 1700இல் எழுதிய மடல். தூத்துக்குடி அப்போது ஒல்லாந்தர் வசம் இருந்தது. 1658இல் போர்த்துக்கேசியரிடமிருந்து அதனை அவர்கள் கைப்பற்றியிருந்தனர். ஆண்டின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தோணிகளை வெவ்வேறு திசைகளில் அனுப்பி, ஒவ்வொன்றும் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரச் செய்வர் என்று அவர் குறித்துள்ளார். சிப்பிகளைக் கரையில் ஆயிரம் ஆயிரமாகக் குவித்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிடுவர். ஓர் ஆயிரத்தின் முத்து, பிரெஞ்சு நாணயக் கணக்கில் ஓர் எக்கூ பெறுமாயின் அவ்வாண்டு வளம் நிறைந்தது எனச் சலாபத்தை அறிவிப்பர். அதில் பாதியளவாகிய முப்பது சூ மட்டுமே பெறுமாயின், செலவுக்கும் கட்டாது எனக் கைவிடுவர்.

மிக எளிய கணக்கு; ஆனால் எத்தனை பேருடைய ஓராண்டு வாழ்வு அக்கணக்கில் தொங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சலாபம் அறிவிக்கப்பட்டால் குளியாட்களோடு தோணிச் சம்மாட்டிகளும், கயிறு பிடிப்போரும், சுறாவைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் கடற்கட்டியும், செட்டி வணிகரும், துளையிடும் தொழிலாளரும், சோறு விற்போரும் கரையில் திரள்வர். அறிவிக்கப்படாவிடின் எவரும் வாரார். மந்திரம் ஓதுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பார் பார்த்துச் சொன்னவர்க்கு என்ன பங்கு என்று அவர் எழுதவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் இம்முறை விரிவடைந்தது. காற்றும் நீரோட்டமும் தணிந்திருக்கும் பருவ இடைவெளிகளில் சோதனைக் கப்பல் புறப்படும். மிதவைகளால் எல்லை குறித்து, துணைத்தோணிகளைக் குறித்த இடைவெளியில் செலுத்தி, இடந்தோறும் குளியாளை இறக்குவர். ஒவ்வொரு மூழ்கலுக்கும் எத்தனை சிப்பி, அதன் அகவை என்ன என்பன பதிவாகும். அப்பதிவைக் கொண்டு பார் முழுவதற்குமான சிப்பித்தொகை கணக்கிடப்படும். அதன்பின் மாதிரிச் சிப்பிகளை மூடிய தொட்டியில் அழுகவிட்டு, கடல்நீரால் பலமுறை கழுவி, அடியில் தங்கிய முத்தைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரிப்பர். ஆணி, அணதாரி, குறுவல், தூள் எனத் தமிழ் வணிகரின் வகைப்பெயர்களே ஆங்கிலேயரின் கணக்கிலும் வழங்கின. ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் என்னும் மதிப்பு அறிவிப்பில் இடம்பெறும். வணிகர் அதனை நம்பியே பணப்பையுடன் வந்தனர்.

சிப்பியின் அகவையை அறிவது இச்சோதனையின் உயிர்நாடி எனலாம். மூன்றாண்டுச் சிப்பியில் முத்து சிறுத்திருக்கும். நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் முத்து பெருக்கும். அதன்பின் காத்திருப்பின் சிப்பி மூப்புற்று மடிந்து, முத்தும் மணலில் கலந்துவிடும். முந்தினாலும் இழப்பு, பிந்தினாலும் இழப்பு. மானின் கொம்பு முற்றியதா என்று தொலைவிலிருந்து கணிக்கும் வேடனுக்காவது விலங்கு கண்ணில் படும். இங்கே கணிப்புக்கு உரியது கடலடியில் கிடந்தது.

பாரசீக வளைகுடாவில் நிலைமை வேறாக இருந்தது. அங்குள்ள முத்துத் தரைகள் கரைவாழ் அரபுக் குலங்கள் அனைவர்க்கும் பொதுவாகக் கருதப்பட்டன. இன்ன பாரில் மட்டும், இன்ன நாள்வரை மட்டும் என வரையறுக்கும் அரசுச் சோதனை அங்கு இல்லை. கலத்தலைவனாகிய நகுதா தன் பட்டறிவால் இடம் தேர்ந்து, கோடை மாதங்களில் ஆண்டுதோறும் குளித்தான். மன்னார்க் கடலிலோ, பார் அரசின் உடைமை. சோதித்து அறிவித்தாலன்றி எவரும் இறங்கலாகாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளிப்போர்க்கும் என வகுக்கப்பட்டது. ஆதலின் ‘இவ்வாண்டு இல்லை’ என்னும் ஒரு சொல், அரசின் கருவூலத்திற்கும் குடிசைக்கும் ஒருங்கே உரியதாயிற்று. ஆயினும் அவ்விழப்பின் சுமை இரண்டிடத்தும் ஒன்றன்று.

இல்லை என்ற ஆண்டுகள்

தூத்துக்குடிச் சலாபங்களின் ஆண்டுப்பட்டியலைக் காண்போர்க்கு முதலில் தோன்றுவது அதன் வெறுமையே. 1830க்குப் பின் 1860 வரை முப்பதாண்டு இடைவெளி. அவ்விடைவெளியில் பார் பார்ப்பது நின்றுவிடவில்லை; பலமுறை சோதனைகள் நடந்தன; பயன்தரும் அளவில் வளர்ந்த சிப்பி இல்லை என்றே அவை முடிந்தன. பின்னர் 1860, 1861, 1862 ஆகிய மூன்றாண்டுகளும் தொடர்ந்து சலாபம் நிகழ்ந்தது. அதன்பின் மீண்டும் 27 ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1889இல்தான் தொளாயிரம் பாரின் சிப்பியால் கரை மீண்டும் நிறைந்தது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அதனை நேரிற் கண்டு, 1890இல் நூலாக வெளியிட்டார்.

அந்த 27 ஆண்டுகளில் பார்களின் பொறுப்பில் இருந்தவர்களுள் கப்பித்தான் ஃபிப்ஸ் குறிப்பிடத்தக்கவர். வெறுமைக்குக் காரணம் தேடிய அவர்கள், ‘சூரன்’ என்று கடலோடிகள் அழைத்த ஒருவகை மட்டியைச் சுட்டினர். நூலிழைகளால் பாய்போலப் பின்னிப் படரும் சூரன், சிப்பிக் குஞ்சுகளை மூடி மூச்சடைக்கச் செய்யும். சூரனின் பகைமையை ஆங்கிலேயர்க்குச் சொன்னவர் குளியாட்களே என்பதை அப்பெயரே காட்டிக் கொடுக்கின்றது. கரையோரத்தில் மதிலெழுப்பிச் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்துப் பாருக்குக் கொண்டுசெல்லலாம் என்றும் ஃபிப்ஸ் முயன்றார். அம்முயற்சியைக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1867இல் இலண்டனில் பாராட்டிப் பேசினார். முயற்சி பலிக்கவில்லை. கரையோர நீரின் வண்டலில் முத்துச்சிப்பி நிலைப்பது அரிது. பலிக்காவிடினும், ‘காணுதல்’ என்பதிலிருந்து ‘வளர்த்தல்’ என்பதை நோக்கி எடுத்து வைத்த அடி என்ற வகையில் அது நினைக்கத்தக்கது.

சோதனையின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருசேரக் காட்டுவது இலங்கைப் பக்கத்துப் பெரிய பார். 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் இளம் ஆய்வாளருடன் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் பெரிய பாரில் எண்ணிலடங்காக் குஞ்சுச் சிப்பிகள் நெருங்கிக் கிடக்கக் கண்டனர். அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் இறங்கிப் பார்த்தபோது தரை வெறுமையாகக் கிடந்தது. இடையே தென்மேற்குப் பருவக் கடல் அனைத்தையும் பெயர்த்துச் சென்றுவிட்டது. 1880 முதல் பதினொரு முறை அப்பார் இவ்வாறு குஞ்சுகளால் நிறைந்தும், ஒரு சலாபத்திற்கேனும் உதவவில்லை என்று பழைய பதிவுகள் காட்டின. பதினொரு முறை நம்பிக்கை, பதினொரு முறை ஏமாற்றம். பெரிய பார் சிப்பி பிறக்கும் இடமேயன்றி வளரும் இடமன்று என்பது, பல்லாண்டுச் சோதனைக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்ததாலேயே விளங்கிற்று. ஒருநாள் சோதனை அன்றைய நிலையை மட்டுமே காட்டும். தரையின் குணத்தை நெடுங்காலப் பதிவே காட்டும். அவ்வகையில், இலங்கைப் பார்களின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றிய கப்பித்தான் டொனனின் குறிப்பேடுகள், ஒரு சலாபத்து முத்துக்கும் குறையாத மதிப்புடையன.

அவ்வறிவு வளர்ந்துவந்த வேளையிலேயே பேராசையும் வளர்ந்தது. இலங்கையில் 1903 முதல் சலாபங்கள் தொடர்ந்தன. அவற்றுள் 1905ஆம் ஆண்டுச் சலாபம் பெருஞ்செல்வம் ஈட்டியது. அந்த ஆண்டின் கணக்கைக் கண்டு மயங்கிய இலண்டன் வணிகர் கூட்டு 1906இல் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைத்தொகை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். ஈராண்டுகளில் பார்கள் வறண்டன. சில ஆண்டுகளில் குழுமமும் கலைந்தது. வேட்டை நாளின் பெருமிதத்தை மட்டும் கண்டு, வெறுமையான ஆண்டுகளின் பட்டியலைப் படியாதவர்க்கு நேர்ந்த கதி அது.

ஹார்னெல் பின்னர்த் தமிழகப் பக்கம் வந்தார். இந்தியப் பார்களை ஆராய்ந்த அவர் அறிக்கை 1905இல் வெளியாயிற்று. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் கண்காணிப்பாளராகவும், பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராகவும் அவர் விளங்கினார். பார்களின் பெயர், ஆழம், தரை, பகை உயிர்கள் ஆகியவற்றை அவரளவிற்கு முறைப்படுத்தியவர் இலர். சிப்பியைத் தின்னும் திருக்கை, கிளாத்தி மீன், ஓட்டைத் துளையிடும் நத்தை, உடுமீன் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்தார். இவை யாவும் போற்றத்தக்கன. ஆயினும் இத்தகைய அறிக்கைகளில் கப்பலின் பெயர் உண்டு, கப்பித்தானின் பெயர் உண்டு. நாளொன்றுக்குப் பல முறை இறங்கி ஏறிய குளியாட்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. குளியாள் ஒருவன் இத்தனை சிப்பி கொணர்ந்தான் என்ற எண்ணிக்கை மட்டுமே எஞ்சியது. கடலடியைக் கண்ட கண்கள் அவனுடையவை. கண்டவர் என்ற பெயர் படகில் இருந்தவர்க்குச் சென்றது. எழுத்தறிவும் மூழ்கும் திறனும் ஒருவரிடமே அமைந்திருக்குமாயின் இவ்வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் தூத்துக்குடிக் கடல் சில முறையே இசைந்தது. 1926 முதல் 1928 வரை சலாபங்கள் நிகழ்ந்தன. பின்னர் ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட அமைதி. விடுதலைக்குப் பின், 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தொடர்ந்து ஏழு சலாபங்கள் வாய்த்தன. அதற்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்து, பாரசீக வளைகுடாவின் முத்துத் தொழிலையே சாய்த்திருந்தது. 1961ஆம் ஆண்டினதே இறுதிச் சலாபம். அது இறுதியானது என்று அன்று கரையில் நின்ற எவரும் அறிந்திலர். சில ஆண்டு இடைவெளி என்றே கருதியிருப்பர். இடைவெளி இவ்வூருக்குப் புதிதன்றே!

பார் பார்ப்பது அதன்பின்னும் நின்றுவிடவில்லை. கல்லும் கயிறும் இன்றி, முதுகில் காற்றுக் கலம் சுமந்து இறங்கிய கடல்மீன் ஆய்வாளர்கள் பார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தனர். ஒரு நிமிட மூச்சில் கண்டதை அவர்கள் அரைமணி நேரம் நின்று கண்டனர், எழுதவும் செய்தனர். சில ஆண்டுகளில் குஞ்சுகள் நிறைந்திருந்தன. மறு ஆண்டு மறைந்திருந்தன. பழைய கப்பித்தான்களின் குறிப்பேட்டில் உள்ள அதே செய்திதான். துறைமுகம் பெரிதாயிற்று, 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கடலோரத்தில் ஆலைகள் எழுந்தன. மீன்பிடி விசைப்படகுகளின் மடிவலைகள் கடலடியை வாரின. இவற்றுள் எது பாரை எவ்வளவு பாதித்தது என்று பிரித்துக் கூறுவது கடினம். இம்மாற்றங்கள் ஏதுமில்லாத 19ஆம் நூற்றாண்டிலும் 27 ஆண்டு வெறுமை இருந்ததை மறத்தற்கில்லை. 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். கருவை ஏற்றுக்கொள்ளும் தாய்ச்சிப்பிகள் அதற்கு வேண்டியிருந்தன. அவற்றைத் தேடி மூழ்குவோர் மீண்டும் பார்களுக்கே சென்றனர். ஆயிரம் சிப்பியைக் குவித்து அழுகவிட்ட காலம் போய், ஒவ்வொரு சிப்பியையும் உயிரோடு கரைக்குக் கொணர வேண்டிய காலம் வந்தது. 1981இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளைத் தோற்றுவிக்கும் முறையும் கைகூடியது. பின்னர் அக்குஞ்சுகளுள் ஒரு பகுதியைக் கடலிலுள்ள பார்களில் கொண்டுபோய் விட்டனர். அவை நிலைத்தனவா என்று பார்க்க, மீண்டும் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது.